நிழலில் நீலம் கண்டவர்: ஓவியர் கிளாட் மோனேயின் வாழ்க்கை

பாரிஸ் நகரில் ஆண்டுதோறும் நடைபெற்று வந்த அரசு ஓவியக் கண்காட்சிக்கு 1869-ஆம் ஆண்டு ஒரு நிலக்காட்சி ஓவியம் அனுப்பப்பட்டது. பனி மூடிய ஒரு வயல்வெளி, அதன் குறுக்கே ஒரு படல் வேலி, வேலியின் மரக்கதவில் தனியே அமர்ந்திருக்கும் ஒரு பறவை. இவற்றைத் தவிர அந்த ஓவியத்தில் சொல்லும்படியான நிகழ்ச்சி எதுவும் இல்லை. கண்காட்சியின் தேர்வுக் குழு அதனை நிராகரித்துத் திருப்பி அனுப்பியது.

அப்போது 28 வயதாக இருந்த அந்த ஓவியரின் பெயர் கிளாட் மோனே. கையில் பணமில்லை. திருமணம் செய்துகொள்ளாத நிலையில் ஒரு துணைவியும், இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு மகனும் அவரை நம்பியிருந்தனர். அந்த ஓவியத்தில் வேலியின் நிழல் பனியின் மீது நீல நிறத்தில் விழுந்திருந்தது. நிழல் என்றால் கருமை அல்லது பழுப்பு என்று பழகியிருந்த கண்களுக்கு அது புதியது. அந்த நீலத்தை உலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அதே நீலத்தைக் காணும் திறனை மோனேயின் கண்களே இழக்கும் காலமும் பின்னர் வந்தது.

துறைமுக நகரில் வளர்ந்த சிறுவன்

கிளாட் மோனே 1840-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயது இருக்கும்போது குடும்பம் பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் உள்ள லெ ஹாவ்ர் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. கப்பல்களுக்குத் தேவையான பொருள்களையும் மளிகைச் சரக்குகளையும் விற்கும் உறவினரின் மொத்த வணிகத்தில் தந்தை பணியாற்றினார். மகனும் அதே தொழிலுக்கு வர வேண்டும் என்பது அவரது விருப்பம்.

மகனின் நாட்டம் வேறாக இருந்தது. பள்ளிப் புத்தகங்களின் ஓரங்களில் ஆசிரியர்களின் உருவங்களைக் கேலியாக வரைந்த மோனே, பதின்ம வயதிலேயே ஊரார் பலரின் கேலிச்சித்திரங்களை வரைந்து காசு பெற்றார். ஒரு படத்துக்கு 10 முதல் 20 பிராங்க் வரை கிடைத்தது. அவை உள்ளூர்க் கடை ஒன்றின் கண்ணாடிச் சன்னலில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

1857-ஆம் ஆண்டு ஜனவரியில் தாய் காலமானார். அதன் பிறகு அத்தை மேரி-ழான் லெகாத்ர் அவருக்கு ஆதரவாக இருந்தார். அந்தக் காலகட்டத்தில்தான் யூஜீன் பூதேன் என்ற ஓவியரின் நட்பு மோனேக்குக் கிடைத்தது. கடலையும் வானத்தையும் நேரில் பார்த்து வரைபவர் பூதேன். அவர் இளைஞரைத் தம்முடன் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று, காற்றும் வெயிலும் மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று வரையப் பழக்கினார். தம் கண்கள் திறந்தது அன்றுதான் என்று மோனே பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

திறந்த வெளியில் வண்ணம் தீட்டுவது அக்காலத்தில் சாத்தியமானதற்கு ஒரு சிறு கண்டுபிடிப்பும் காரணம். அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட் 1841-இல் தகரக் குழாயில் எண்ணெய் வண்ணத்தை அடைக்கும் முறையை உருவாக்கினார். அதற்கு முன்னர் வண்ணங்கள் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைக்கப்பட்டன. அவை விரைவில் உலர்ந்துவிடும். மூடியுடன் கூடிய குழாய் வந்த பிறகு, ஓவியர் தமது கூடத்தை விட்டு வயலுக்கும் கடற்கரைக்கும் செல்வது எளிதாயிற்று.

படைமுகாமிலிருந்து பாரிஸுக்கு

1859-இல் மோனே பாரிஸ் சென்றார். அங்கு ஒரு தனியார் பயிற்சிக் கூடத்தில் கமீல் பிசாரோவைச் சந்தித்தார். 1861-இல் கட்டாய இராணுவச் சேவைக்கு அவரது பெயர் வந்தது. பணம் கட்டி அதிலிருந்து விலக்குப் பெற அக்காலத்தில் வழி இருந்தது. ஓவியத்தைக் கைவிட்டுக் குடும்பத் தொழிலுக்குத் திரும்பினால் அந்தப் பணத்தைக் கட்டுவதாகக் குடும்பம் கூறியது. மோனே அதற்கு இணங்காமல் படையில் சேர்ந்து அல்ஜீரியா சென்றார். வட ஆப்பிரிக்காவின் ஒளியும் வண்ணமும் அவரது மனத்தில் ஆழப் பதிந்தன.

அடுத்த ஆண்டே நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினார். முறையான ஆசிரியர் ஒருவரிடம் கற்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அத்தை பணம் செலுத்தி அவரைப் படையிலிருந்து விடுவித்தார். அதன்படி பாரிஸில் சார்லஸ் கிளேரின் ஓவியக் கூடத்தில் மோனே சேர்ந்தார். அங்கு கற்ற பாடத்தைவிட அங்கு கிடைத்த நண்பர்களே அவரது வாழ்க்கையில் முக்கியமானவர்கள். ஒகுஸ்த் ரெனுவார், ஆல்ஃபிரட் சிஸ்லி, ஃபிரடெரிக் பசீல் ஆகியோர் அந்தக் கூடத்தில் அவருடன் பயின்றவர்கள்.

தொடக்கம் நம்பிக்கை தருவதாக இருந்தது. 1865-இல் அரசுக் கண்காட்சி அவரது இரண்டு கடற்காட்சிகளை ஏற்றுக்கொண்டது. 1866-இல் பச்சை உடை அணிந்த பெண்ணின் முழு உருவ ஓவியம் பாராட்டுப் பெற்றது. அந்த ஓவியத்துக்கு மாதிரியாக நின்ற கமீல் தோன்சியே என்ற இளம்பெண்ணே பின்னர் அவரது மனைவியானார்.

கடனும் நிராகரிப்பும்

அதே 1866-இல் மோனே பெரும் முயற்சி ஒன்றில் இறங்கினார். தோட்டத்தில் பெண்கள் உலவும் காட்சியை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத் துணியில் வெளியில் நின்றே வரைய முனைந்தார். துணியின் மேற்பகுதி கைக்கு எட்டாததால், தரையில் பள்ளம் தோண்டி, கப்பி வைத்து ஓவியத்தைக் கீழிறக்கி வரைந்தார். ஒளியின் கோணம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு பாடு. 1867-இல் தேர்வுக் குழு அந்த ஓவியத்தை நிராகரித்தது. வசதியான குடும்பத்தைச் சேர்ந்த பசீல், நண்பரைக் காப்பாற்றும் நோக்கில் அதனை 2,500 பிராங்குக்கு வாங்கி, மாதம் 50 பிராங்க் வீதம் தவணையாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

கமீலுடனான உறவை மோனேயின் குடும்பம் ஏற்கவில்லை. 1867 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பாரிஸில் கமீலுக்கு மகன் ழான் பிறந்தான். செலவுக்கு வழியற்ற மோனே அந்தக் கோடையைக் கடற்கரையில் அத்தையின் வீட்டில் கழித்துக்கொண்டிருந்தார். 1868 கோடையில் தங்கியிருந்த விடுதியிலிருந்தும் குடும்பத்துடன் வெளியேற்றப்பட்டார். மனமுடைந்து தண்ணீரில் குதித்ததாகவும், நல்வேளையாகத் தீங்கு எதுவும் நேரவில்லை என்றும் பசீலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்திருந்தார்.

இந்நிலையில் லெ ஹாவ்ர் நகரைச் சேர்ந்த கொதிபேர் என்ற வணிகர் உதவிக்கு வந்தார். தம் மனைவியின் உருவப்படத்தை வரையும் பணியை மோனேயிடம் ஒப்படைத்ததுடன், பொருளுதவியும் செய்தார். அதன் பயனாக 1868-ஆம் ஆண்டு இறுதியில் எத்ரெதா என்ற கடலோர ஊரில் ஒரு வீட்டில் கமீலுடனும் மகனுடனும் மோனே குடியேற முடிந்தது. கணப்பு எரியும் வீடு, அருகில் குடும்பம், வெளியே வயலும் கடலும் என அமைந்த அந்தக் குளிர்கால நாள்களில் தாம் நிறைவுடன் இருப்பதாக நண்பருக்கு எழுதினார். அந்தக் குளிர்காலத்தில் உருவானதே தொடக்கத்தில் குறிப்பிடப்பட்ட பனி ஓவியம்.

பனியில் விழுந்த நீல நிழல்

அந்த ஓவியத்தின் பெயர் மேக்பை. கருப்பும் வெள்ளையும் கலந்த, நீண்ட வாலுடைய, காக்கை இனத்தைச் சேர்ந்த ஐரோப்பியப் பறவை அது. 89 சென்டிமீட்டர் உயரமும் 130 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அந்த ஓவியத்தின் பெரும்பகுதியைப் பனியே நிறைத்திருக்கிறது. சூரியன் வேலிக்கு அப்பால் தாழ்வாக இருப்பதால் வேலியின் நிழல் பார்ப்பவரை நோக்கி நீண்டு விழுகிறது. மரக்கிளைகளின் மேலும் வீட்டுக் கூரையின் மேலும் பனி தங்கியிருக்கிறது. மனிதர் எவரும் இல்லை.

வெள்ளை நிறத்தை வரைவது ஓவியருக்குக் கடினமான சோதனை. பனி முழுவதும் ஒரே வெள்ளையாகத் தீட்டப்பட்டால் அது வெறும் சுவர்போல் தோன்றும். மோனே அந்த வெண்மைக்குள் இளமஞ்சள், இளஞ்சிவப்பு, சாம்பல், நீலம், ஊதா ஆகிய சாயல்களைக் கண்டார். வெயில் படும் இடத்தில் பனி இளஞ்சூட்டுடன் மின்னுகிறது. வெயில் படாத இடத்தில் அது நீலமாகக் குளிர்கிறது.

இதற்கு எளிய காரணம் உண்டு. பனி தன் மேல் விழும் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும் தன்மை கொண்டது. வேலி சூரியனின் நேரடிக் கதிரை மறைக்கும்போது, அந்த இடத்துக்கு ஒளி முற்றிலும் நின்றுபோவதில்லை. வானத்தின் நீல ஒளி அங்கு தொடர்ந்து விழுகிறது. ஆகவே நிழல் என்பது ஒளி இல்லாத இடமாக இராமல், வேறொரு ஒளி விழும் இடமாகிறது. கூடத்துக்குள் அமர்ந்து வரைந்தவர்கள் நிழலுக்குப் பழுப்பையும் கருமையையும் கலந்தனர். வெளியே நின்று பார்த்தவர் நீலத்தைக் கண்டார்.

அவ்வாறு பார்ப்பதற்கு மோனே கொடுத்த உழைப்பு சிறிதல்ல. கடும் குளிரில் மூன்று மேலங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, கைகளில் உறையுடன், காலடியில் சிறு கணப்புப் பெட்டி வைத்துக்கொண்டு, முகம் விறைத்த நிலையில் பனியைக் கூர்ந்து நோக்கி வரைந்துகொண்டிருந்த அவரைக் கண்ட லெ ஹாவ்ர் செய்தியாளர் ஒருவர், 1868-இல் அதை நாளிதழில் எழுதினார்.

ஓவியத்தின் உணர்வுநிலையும் அந்த ஒளியிலிருந்தே பிறக்கிறது. வெயில் சற்று ஏறினால் நிழல் சுருங்கிவிடும், கிளையில் தங்கிய பனி உருகி விழும், பறவை பறந்துவிடும். இன்னும் சிறிது நேரத்தில் கலைந்துவிடப்போகும் ஓர் அமைதி அதில் பதிவாகியிருக்கிறது. முந்தைய ஆண்டுதான் இருக்க இடமின்றி அலைந்த ஒருவர், கிடைத்த குறுகிய நிம்மதியில் வரைந்த காட்சி அது என்பதை அறியும்போது அந்த அமைதி மேலும் பொருள் பெறுகிறது.

இருப்பினும் தேர்வுக் குழுவின் நிராகரிப்பு அந்த நிம்மதியை முடித்துவைத்தது. 1869 கோடையில் மோனே குடும்பத்தில் மீண்டும் உணவுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது அருகில் பெற்றோர் வீட்டில் தங்கியிருந்த ரெனுவார், அங்கிருந்து ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கோடையில் இருவரும் செய்ன் நதிக்கரையில் ஒரே இடத்தில் நின்று, நீரில் உடையும் ஒளியைச் சிறு சிறு தூரிகைத் தீற்றல்களாக வரைந்தனர்.

போர் பறித்த நண்பர்

1870 ஜூன் 28-ஆம் தேதி மோனேயும் கமீலும் திருமணம் செய்துகொண்டனர். சில வாரங்களில் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் மூண்டது. மோனே குடும்பத்துடன் லண்டன் சென்றார். பசீல் படையில் சேர்ந்தார். அந்த ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி போர்க்களத்தில் பசீல் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 28. மோனேயின் கடிதங்களுக்குப் பணத்தால் மட்டுமன்றிப் பொறுமையாலும் பதில் அளித்த நண்பர் இல்லாமற்போனார்.

லண்டனில் டர்னர், கான்ஸ்டபிள் ஆகிய ஆங்கில ஓவியர்களின் படைப்புகளை மோனே கண்டார். தேம்ஸ் நதியின் மூடுபனியை வரைந்தார். போல் துரான்-ருயேல் என்ற ஓவிய வணிகரின் அறிமுகமும் அங்கேயே கிடைத்தது. பல ஆண்டுகள் இழப்பைத் தாங்கிக்கொண்டு மோனே குழுவினரின் ஓவியங்களை வாங்கியவர் அவரே.

கேலியிலிருந்து பிறந்த பெயர்

1871 இறுதியில் பாரிஸுக்கு அருகே அர்ஜான்தேய் என்ற ஊரில் மோனே குடியேறினார். படகு ஒன்றையே ஓவியக் கூடமாக மாற்றிக்கொண்டு ஆற்றின் நடுவிலிருந்து வரைந்தார். தாம் வளர்ந்த லெ ஹாவ்ர் துறைமுகத்தின் விடியற்காலையை, விடுதிச் சன்னலிலிருந்து பார்த்து ஒரு சிறிய ஓவியமாகத் தீட்டினார். அதில் 1872 என்று ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது.

அரசுக் கண்காட்சியை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்த மோனேயும் நண்பர்களும் தாங்களே ஒரு சங்கம் அமைத்து, 1874 ஏப்ரல் 15-ஆம் தேதி பாரிஸில் கண்காட்சி ஒன்றைத் தொடங்கினர். புகைப்படக் கலைஞர் நதார் முன்பு பயன்படுத்திய கூடத்தில் அது நடைபெற்றது. துறைமுகக் காட்சிக்கு என்ன பெயர் இடுவது என்று பட்டியல் தயாரித்தவர் கேட்டபோது, அதனை லெ ஹாவ்ர் நகரின் காட்சி என்று சொல்ல இயலாது எனக் கருதிய மோனே, மனப்பதிவு என்ற பொருளுடைய இம்ப்ரெஷன் என்ற சொல்லைக் கொடுத்தார். சூரிய உதயம் என்ற சொல் அதனுடன் சேர்ந்தது.

கண்காட்சியைப் பார்த்த லூயி லெருவா என்ற விமர்சகர், அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டு கேலிக் கட்டுரை எழுதினார். முடிவுறாத சுவர்த்தாள்கூட அந்தக் கடற்காட்சியைவிட நிறைவானது என்பது அவரது ஏளனம். அந்தக் கேலிச் சொல்லே நிலைத்து, ஓவிய வரலாற்றில் இம்ப்ரெஷனிசம் என்ற இயக்கத்தின் பெயராயிற்று. தமிழில் இது மனப்பதிவுவாதம் எனவும் குறிப்பிடப்படுகிறது.

அந்த ஓவியத்தில் நீலச்சாம்பல் மூடுபனிக்கு நடுவே ஆரஞ்சு நிறச் சூரியன் எரிகிறது. அதனைக் கருப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பார்த்தால் சூரியன் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. சூரியனின் பிரகாச அளவும் அதனைச் சூழ்ந்த வானின் பிரகாச அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதே காரணம். சூரியன் நம் கண்ணுக்குத் துடிப்பதுபோல் தோன்றுவது வண்ண வேறுபாட்டால் மட்டுமே. பனியில் நிழலை நீலமாகக் கண்ட பார்வை, இங்கு சூரியனையே வண்ணமாகக் கண்டது.

அடகுக் கடையில் ஒரு பதக்கம்

ஆயினும் வறுமை தீரவில்லை. துறைமுக ஓவியத்தை 800 பிராங்குக்கு வாங்கியிருந்த எர்னெஸ்ட் ஓஷெதே என்ற வணிகர் நொடித்துப்போனார். 1878-இல் நடந்த ஏலத்தில் அந்த ஓவியம் 210 பிராங்குக்கு விலைபோனது. அதனை வாங்கியவர் ஜார்ஜ் த பெல்லியோ என்ற மருத்துவர். அதே ஆண்டு வெத்தேய் என்ற சிற்றூரில் மோனே குடும்பமும் ஓஷெதே குடும்பமும் செலவைக் குறைப்பதற்காக ஒரே வீட்டில் குடியேறின.

இரண்டாவது மகன் மிஷேல் பிறந்த பிறகு கமீலின் உடல்நிலை மோசமடைந்தது. நீண்ட நாள் துன்பத்துக்குப் பின் 1879 செப்டம்பர் 5-ஆம் தேதி 32 வயதில் அவர் காலமானார். அன்றே மோனே மருத்துவர் த பெல்லியோவுக்குக் கடிதம் எழுதினார். கமீலின் நினைவுப் பொருளான பதக்கம் ஒன்று பாரிஸ் அடகுக் கடையில் இருப்பதாகவும், அவரை அடக்கம் செய்யும் முன் அதனைக் கழுத்தில் அணிவிக்க விரும்புவதால் மீட்டுத் தர வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார்.

அதே வேளையில் மோனே மற்றொன்றையும் செய்தார். மனைவியின் முகத்தை, மரணப் படுக்கையில் இருந்தவாறே வரைந்தார். நீலமும் சாம்பலும் இளமஞ்சளும் கலந்த தீற்றல்கள் மெல்லிய திரைபோல அந்த முகத்தை மூடியிருக்கின்றன. தமக்கு மிக அன்பான ஒருவரின் நெற்றியில் மரணம் கொண்டுவந்த வண்ண மாற்றங்களைத் தம் கண் தன்னிச்சையாகக் கணக்கிடுவதை உணர்ந்து அதிர்ந்ததாக, பல ஆண்டுகள் கழித்து நண்பர் ஜார்ஜ் கிளெமென்சோவிடம் அவர் கூறினார். பார்ப்பது அவருக்கு வரமாக இருந்தது. அதிலிருந்து விடுதலை இல்லை என்பதையும் அன்று அவர் அறிந்தார்.

அடுத்து வந்த குளிர்காலம் கடுமையாக இருந்தது. செய்ன் நதி உறைந்து, 1880 ஜனவரியில் பனிக்கட்டிகள் உடைந்து மிதந்தன. மோனே மீண்டும் குளிரில் நின்று, துக்கம் படிந்த அந்த ஆற்றை வரிசையாகப் பல ஓவியங்களில் தீட்டினார்.

ஒரே காட்சி, பல வெளிச்சங்கள்

1883-இல் ஓஷெதேயின் மனைவி ஆலிஸுடனும் இரு குடும்பக் குழந்தைகளுடனும் ஜிவெர்னி என்ற கிராமத்துக்கு மோனே குடிபெயர்ந்தார். துரான்-ருயேல் 1886-இல் நியூயார்க்கில் நடத்திய கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கர்கள் ஓவியங்களை வாங்கத் தொடங்கினர். ஐம்பது வயதை எட்டிய 1890-இல், வாடகைக்கு இருந்த அந்த வீட்டைச் சொந்தமாக வாங்கும் அளவுக்கு மோனேயின் நிலை உயர்ந்தது. ஓஷெதேயின் மறைவுக்குப் பின் 1892-இல் ஆலிஸை அவர் மணந்தார்.

வீட்டுக்கு அருகே வயலில் அறுவடை முடிந்து குவித்து வைத்திருந்த கோதுமைப் போர்களை அவர் வரைந்துகொண்டிருந்தபோது, வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது. மாறிய வெளிச்சத்துக்கு வேறொரு துணி தேவைப்பட்டது. ஆலிஸின் மகள் பிளான்ஷ் வீட்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். காலை, நண்பகல், மாலை, பனி, மூடுபனி என ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஓர் ஓவியம் உருவானது. 1891 மே மாதம் 15 கோதுமைப் போர் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டு விரைவில் விற்றன. தொடர்ந்து ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை 30-க்கும் மேற்பட்ட ஓவியங்களில் தீட்டினார். அவற்றில் 20 ஓவியங்கள் 1895-இல் காட்சிக்கு வந்தன.

பனிமூடிய வயலில் ஒரே ஒருமுறை செய்த முயற்சி இங்கு முறையாகவே மாறியது. கல்லால் கட்டிய தேவாலயம் அசையாது. அதன் மேல் விழும் வெளிச்சமோ நிற்பதே இல்லை. மோனேயின் உண்மையான கருப்பொருள் அந்த வெளிச்சமே என்பதை இத்தொடர்கள் உறுதி செய்தன.

1893-இல் வீட்டுக்கு எதிரே ஒரு நிலத்தை வாங்கி, சிற்றாற்றின் நீரைத் திருப்பிக் குளம் ஒன்றை அமைத்தார். அயல்நாட்டுச் செடிகள் ஆற்று நீரைக் கெடுத்துவிடும் என்று கிராமத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். அனுமதி பெற்று அமைத்த அந்தக் குளத்தில் அல்லி மலர்கள் பூத்தன. வாழ்நாளின் எஞ்சிய பகுதியில் சுமார் 250 அல்லிக்குள ஓவியங்களை அவர் வரைந்தார்.

கண்ணில் படர்ந்த புரை

1911-இல் ஆலிஸும், 1914-இல் மூத்த மகன் ழானும் காலமாயினர். இதற்கிடையே 1912-இல் மோனேயின் இரு கண்களிலும் கண்புரை இருப்பது கண்டறியப்பட்டது. ஒளியையே தொழிலாகக் கொண்டவருக்கு இதைவிடப் பெரிய அச்சம் இருக்க முடியாது. அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து பல ஆண்டுகள் அதனைத் தள்ளிப்போட்டார்.

புரை முற்றும்போது கண்ணின் வில்லை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறி, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுக்கிறது. நிழலில் நீலத்தைக் கண்ட கண்ணிலிருந்து முதலில் விலகியது அந்த நீலமே. வண்ணக் குழாய்களின் மேல் எழுதியிருந்த பெயர்களையும், வண்ணப் பலகையில் வண்ணங்கள் இருக்கும் வரிசையையும் நம்பி வரையும் நிலைக்கு அவர் வந்தார். இக்காலத்தில் தீட்டிய ஜப்பானியப் பால ஓவியங்கள் சிலவற்றில் சிவப்பும் பழுப்பும் தீயைப்போல் படர்ந்திருக்கின்றன.

முதல் உலகப் போர் நிறுத்தம் ஏற்பட்ட மறுநாள், 1918 நவம்பர் 12-ஆம் தேதி, பிரதமர் கிளெமென்சோவுக்கு மோனே கடிதம் எழுதி, தம் ஓவியங்களை நாட்டுக்கு வழங்க முன்வந்தார். அந்தக் கொடை பின்னர் இரண்டு பெரிய கூடங்களை நிறைக்கும் அல்லிக்குள ஓவியங்களாக விரிந்தது. பார்வை மங்கிய முதியவரால் அதனை முடிக்க இயலுமா என்ற ஐயம் எழுந்தது. மருத்துவரும் கூட ஆன கிளெமென்சோ, அறுவைச் சிகிச்சைக்கு உடன்படுமாறு வற்புறுத்தினார்.

1923 ஜனவரியில் மருத்துவர் சார்லஸ் குதேலா மோனேயின் வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்தார். அக்காலத்தில் வில்லையை அகற்றிய பின் அதற்கு மாற்றாகக் கண்ணுக்குள் பொருத்த எதுவும் இல்லை. தடித்த மூக்குக் கண்ணாடியே வழி. சிகிச்சைக்குப் பிறகு எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிவதாக மோனே வருந்தினார். இடது கண்ணுக்குச் சிகிச்சை செய்துகொள்ள மறுத்துவிட்டார். வண்ணக் கண்ணாடிகள் சிலவற்றை முயன்று, கடைசியில் ஓரளவு சமநிலை கிடைத்ததும் தூரிகையை எடுத்தார். மகன் ழானின் மனைவியாகவும் ஆகியிருந்த பிளான்ஷ் கடைசிவரை அவரைக் கவனித்துக்கொண்டார். அன்று வயலுக்குத் துணிகளைச் சுமந்து வந்த அதே பெண் அவர்.

கருப்பு விரிப்பும் மலர் விரிப்பும்

கிளாட் மோனே 1926 டிசம்பர் 5-ஆம் தேதி 86-ஆவது வயதில் ஜிவெர்னியில் காலமானார். பெரிய சடங்குகள் வேண்டாம் என்று அவர் விரும்பியபடி இறுதி நிகழ்ச்சி எளிமையாக நடைபெற்றது. சவப்பெட்டியின் மேல் கருப்புத் துணி போர்த்தப்பட்டிருந்ததைக் கண்ட கிளெமென்சோ, மோனேக்குக் கருப்பு பொருந்தாது எனக் கூறி அதனை அகற்றி, பூக்கள் நிறைந்த வண்ணத் துணியை விரித்ததாகக் கூறப்படுகிறது.

மறு ஆண்டு, 1927 மே மாதம், பாரிஸில் உள்ள ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் அவரது அல்லிக்குள ஓவியங்கள் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டன. இரண்டு நீள்வட்டக் கூடங்களில், சுமார் 2 மீட்டர் உயரத்தில் எட்டு ஓவியத் தொகுதிகள் சுவரைச் சுற்றி வளைந்து நிற்கின்றன. மேற்கூரை வழியாக வரும் பகல் வெளிச்சம் மாறும்போது ஓவியங்களின் தோற்றமும் மாறுகிறது.

தேர்வுக் குழு திருப்பி அனுப்பிய பனி ஓவியத்தைப் பிரெஞ்சு அரசு 1984-இல் வாங்கியது. இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் பெரும் கூட்டத்தை ஈர்க்கும் படைப்புகளில் ஒன்று. கமீலின் மரணப் படுக்கை ஓவியமும் அதே அருங்காட்சியகத்தில் உள்ளது. அடகு வைத்த பதக்கத்தை மீட்டுத் தர இயலாத நிலையில் இருந்தவரின் கைவண்ணங்கள் இன்று விலைமதிப்பற்றவையாகிவிட்டன.

எத்ரெதாவில் அந்தப் பனி உருகி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஓவியத்தில் வேலியின் நிழல் இன்னும் நீலமாகவே விழுந்திருக்கிறது. கதவின் மேல் அமர்ந்த பறவையும் இன்னும் பறக்கவில்லை.